பை அப்: ஒரு சேலைக்கு இது வராது

மஞ்சக்குப்பத்தில் என்னிடம் ஸ்போக்கன் இங்கிலீஷ் படிக்க வந்த பையன், இன்டர்வியூவுக்கு எழுதிவைத்திருந்த முதல் வரி: 'ஐ வாஸ் பாட் அப் இன் கடலூர்.' கடலூரில் வளர்ந்தேன் என்று சொல்ல வந்தான். அதற்கு 'ப்ராட் அப்' என்று வர வேண்டும். நடுவில் ஒரு 'ர' விழுந்துபோனதில் ஆளையே யாரோ விலைக்கு வாங்கிவிட்டார்கள். "ஒரு எழுத்துதானே சார்?" என்றான்.

'பாட் அப்' என்பது 'பை அப்' (buy up) என்பதன் இறந்த காலம்; இருப்பதை மொத்தமாக வாங்கிவிடுவது. இதில் உள்ள 'அப்'புக்கு 'மேலே' என்று அர்த்தம் தேடினால் ஒன்றும் கிடைக்காது. நம் பேச்சிலேயே அதற்கு நல்ல சொல் இருக்கிறது: வளைத்துப் போடுவது. 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயர் மராட்டியரிடம் வாங்கினார்கள். கோட்டை மட்டும் என்றால் வெறும் 'பாட்' போதும். ஆனால் பேரம் அத்தோடு நிற்கவில்லை. கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எதுவரை போய் விழுகிறதோ, அதுவரை உள்ள ஊர்களும் சேர்த்தி. குண்டு கிராமங்கள் என்ற பேர் அப்படித்தான் வந்தது. அங்கே 'தே பாட் அப் த வில்லேஜஸ்' என்று தாராளமாகச் சொல்லலாம்.

தீபாவளிக்கு ஒரே ஒரு சேலை எடுத்துவிட்டு 'ஐ பாட் அப் எ சாரி' என்பது தப்பு. பண்ருட்டியில் ஒரு வியாபாரி தோப்புப் பலா முழுவதையும் பேசி முடித்தால் சரி. மாசச் சாமான் வாங்கி அடுக்குவதற்கும் இது பொருந்தாது, அது 'ஸ்டாக் அப்'.

'தெம்' வந்தால் நடுவில்தான் உட்காரும்: 'பாட் தெம் அப்'. 'பாட் அப் தெம்' கூடாது.

அண்ணன் பங்கைத் தம்பி வாங்கிக் கடையைத் தன் பேருக்கு ஆக்கிக்கொண்டால் 'பாட் அவுட்'. இதில் பெரிய குழப்பம் இல்லை. 'ஆஃப்' (off) விஷயத்தில்தான் ஜாக்கிரதை வேண்டும். மாமாவிடம் பழைய பைக்கை வாங்கியவன் 'ஐ பாட் த பைக் ஆஃப் மை அங்கிள்' எனலாம், பேச்சு வழக்கில் சரிதான். பைக்கை விட்டுவிட்டு 'ஐ பாட் ஆஃப் மை அங்கிள்' என்றால் மாமாவுக்குக் காசு கொடுத்து வாயை அடைத்ததாகிவிடும். நம்ம பையனின் மூன்றாவது வரி அதுதான்.