அலுவலகத்துக்கும் மெயிலுக்கும் ஒரே பாஸ்வேர்ட்: அக்டிவ் டிரெக்டரியை என்ட்ராவோடு இணைப்பது எப்படி?

காலையில் அலுவலகக் கணினிக்குள் போக ஒரு பாஸ்வேர்ட். மெயிலும் டீம்ஸும் திறக்க இன்னொன்று. ஒன்று காலாவதியாகி மாறும், மற்றது மாறாது. கடைசியில் இரண்டையும் மஞ்சள் தாளில் எழுதி மொனிட்டர் ஓரத்தில் ஒட்டிவிடுவார்கள்.

காரணம், உங்கள் ஆட்களின் விவரம் இரண்டு இடத்தில் இருப்பதுதான். ஒன்று, சேர்வர் அறையில் இருக்கும் விண்டோஸ் அக்டிவ் டிரெக்டரி. மற்றது, மைக்ரோசொஃப்ட் 365-க்குப் பின்னால் இருக்கும் என்ட்ரா ஐடி. 2023 வரை அஷூர் அக்டிவ் டிரெக்டரி என்றிருந்தது இதுதான். இரண்டையும் இணைக்கும் கருவி மைக்ரோசொஃப்ட் என்ட்ரா கனெக்ட் சிங்க். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

விளக்க வசதிக்கு ஒரு கற்பனை நிறுவனத்தை எடுப்போம். யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் தலைமை அலுவலகம், சாவகச்சேரியில் ஒரு கிளை, ஆசிரியர்களும் அலுவலர்களுமாக அறுபது பேர். உள்ளே டொமைன் பெயர் நிலையம்.லோக்கல், வெளியே மெயிலுக்கு நிலையம்.எல்கே.

எது தலைமை?

இந்த ஒத்திசைவு பெரும்பாலும் ஒருவழிப் பாதை. அக்டிவ் டிரெக்டரியில் மாற்றினால் என்ட்ராவில் மாறும். இணைத்த பிறகு ஒருவரின் பெயரையோ பதவியையோ என்ட்ராவில் திருத்தப் போனால் அந்தப் பெட்டிகள் பூட்டியிருக்கும். மெயில் பக்கத்தை ஒருவரும் கணினிப் பக்கத்தை இன்னொருவரும் தனித்தனியாகப் பார்க்கும் இடமென்றால், இருவரும் முதலில் இருந்து கதைத்துவிடுங்கள். இன்ஸ்டோல் செய்வது ஒரு மணித்தியால வேலை. இந்தக் கதைதான் நீளும்.

பாஸ்வேர்ட் எந்த வடிவில் போகிறது?

"எங்கட பாஸ்வேர்ட் எல்லாம் இன்டர்நெட்டில போகுதா?" என்று முகாமையாளர் கட்டாயம் கேட்பார். பாஸ்வேர்ட் போவதில்லை. அக்டிவ் டிரெக்டரி வைத்திருப்பதே அதன் ஹாஷ், அதாவது பாஸ்வேர்டை அரைத்து எடுத்த குறியீடுதான். அரைத்த மாவிலிருந்து அரிசியை எடுக்க முடியாதது போல, ஹாஷைத் திருப்பிப் பாஸ்வேர்ட் ஆக்க வழியில்லை. என்ட்ரா கனெக்ட் அந்த ஹாஷையும் அப்படியே அனுப்பாது. ஒவ்வொரு ஆளுக்கும் தனியாக 10 பைட் 'உப்பு' (எழுந்தமானமான தரவு) சேர்த்து, 1000 சுற்று மறுபடி ஹாஷ் செய்து, வரும் விடையைத்தான் மறைகுறியாக்கிய இணைப்பு வழியாக அனுப்புகிறது.

ஆனாலும் லேசான பாஸ்வேர்டை ஊகித்துப் பிடிப்பதை எந்த ஹாஷும் தடுக்காது. உள்ளே இருக்கும் பாஸ்வேர்ட் விதிகளை இணைக்க முன்பே இறுக்கிவிடுங்கள்.

வேறு இரண்டு முறைகளும் உண்டு: பாஸ் த்ரூ, ஃபெடரேஷன். இரண்டிலும் ஒவ்வொரு நுழைவையும் உங்கள் அலுவலகச் சேர்வர்தான் சரிபார்க்க வேண்டும். கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் இறங்கிவிட்டால், சாவகச்சேரி ஆசிரியர் தன் ஃபோன் டேட்டாவில்கூட மெயிலுக்குள் போக ஏலாது. ஹாஷ் முறையில் சரிபார்ப்பு என்ட்ராவிலேயே நடப்பதால் சேர்வர் அணைந்திருந்தாலும் மெயில் திறக்கும். நம் ஊரில் சிறிய அலுவலகத்துக்கு நான் வேறொன்றைப் பரிந்துரைக்க மாட்டேன்.

முன்வேலை

நேரம் முழுவதையும் இங்கே போடுங்கள்.

முதலில் டொமைன். நிலையம்.லோக்கல் என்பது இணையத்தில் இல்லாத பெயர். அப்படியே ஒத்திசைத்தால் எல்லாருடைய கணக்கும் ஒன்மைக்ரோசொஃப்ட்.கொம் என்ற வாலோடு போய் நிற்கும். அதனால் மைக்ரோசொஃப்ட் 365-இல் நிலையம்.எல்கே-யைச் சேர்த்து, அது தரும் டெக்ஸ்ட் பதிவை டிஎன்எஸ்ஸில் (டொமைன் பெயர்களின் பதிவேட்டில்) இட்டு உறுதிப்படுத்துங்கள். ஏற்கெனவே அந்தப் பெயரில் மெயில் ஓடினால் இது முடிந்த வேலை.

பிறகு சேர்வரில் 'அக்டிவ் டிரெக்டரி டொமைன்ஸ் அண்ட் ட்ரஸ்ட்ஸ்' திறந்து, இடப்பக்கம் மேலே உள்ள பெயரில் வலது கிளிக், ப்ரொப்பர்ட்டீஸ். அங்கே நிலையம்.எல்கே-யை மாற்று யூபிஎன் (மெயில் முகவரி வடிவிலான நுழைவுப் பெயர்) பின்னொட்டாகச் சேருங்கள். அடுத்து 'யூசர்ஸ் அண்ட் கம்ப்யூட்டர்ஸ்' போய், ஆட்களை மொத்தமாகத் தெரிந்து, அக்கவுண்ட் பகுதியில் பின்னொட்டை மாற்றுங்கள். பழைய பாணியில் டொமைன் பெயரோடு கணினிக்குள் நுழைபவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

இனித்தான் பெயர்கள். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான். அறுபது பேரில் இரண்டு எஸ். தர்ஷன் இருப்பது புதினம் இல்லை. ஆங்கிலத்தில் ஒருவர் டீயில் தொடங்குவார், மற்றவர் டீயோடு எச்சும் போடுவார். அதே ஆளே கணினிக் கணக்கில் ஒரு மாதிரியும் மெயிலில் இன்னொரு மாதிரியும் எழுதியிருப்பார். சிக்கல் வருவது இங்கேதான். என்ட்ரா கனெக்ட் ஓடும்போது, உள்ளே இருக்கும் யூபிஎன்னோ முதன்மை மெயில் முகவரியோ மேலே, அதாவது என்ட்ராவில், இருக்கும் கணக்கோடு பொருந்தினால் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஓரெழுத்து மாறினாலும் புதுக் கணக்கு ஒன்று பிறக்கும். ஆசிரியர் அதற்குள் போய்ப் பார்த்து "என்ர மெயில் எல்லாம் காணேல்லை" என்பார். அதைவிட மோசம், இரண்டு தர்ஷன்களின் முகவரி மாறிப் பதிவாகி, ஒருவரின் மெயில்பெட்டி மற்றவரின் பாஸ்வேர்டுக்குத் திறப்பது.

ஆகவே இரண்டு பக்கப் பட்டியலையும் எக்ஸலில் அருகருகே போட்டு, ஊழியர் இலக்கத்தை வைத்து ஆள் ஆளாக ஒப்பிடுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் குறுக்கு வழி இல்லை. மைக்ரோசொஃப்டின் இலவசக் கருவி ஐடிஃபிக்ஸ் இரட்டிப்புகளையும் ஆகாத எழுத்துகளையும் காட்டித்தரும்; எந்த தர்ஷன் எவர் என்று அதற்குத் தெரியாது. திரையில் தோன்றும் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், அழகாக வரும். யூபிஎன்னில் மட்டும் தமிழ் எழுத்து ஏற்காது.

இன்னொன்று: மேலே நிர்வாகி உரிமை உள்ள கணக்குகளை இந்த இணைப்புக்குள் கொண்டுவர வேண்டாம். ஒன்மைக்ரோசொஃப்ட் வாலோடு தனி நிர்வாகிக் கணக்கு ஒன்றாவது இருக்கட்டும்.

நிறுவுதல்

டொமைனில் சேர்ந்த, விண்டோஸ் சேர்வர் 2016 அல்லது அதற்குப் பிந்திய இயந்திரம் ஒன்று வேண்டும். சாளரங்கள் உள்ள முழுப் பதிப்பாக இருக்க வேண்டும், கோர் பதிப்பு சரிவராது. எல்லாருடைய ஹாஷையும் வாசிக்கும் இயந்திரம் என்பதால் அதைப் பொதுப் பாவனைக்கு விடாதீர்கள்.

1. என்ட்ரா நிர்வாக மையத்தில் என்ட்ரா கனெக்ட் பகுதியிலிருந்து கோப்பைத் தரவிறக்கி ஓட்டுங்கள்.

2. முதலில் கேட்பது 'எக்ஸ்பிரஸ்' வேண்டுமா என்று. அது எல்லாரையும் எல்லாவற்றையும் ஒரேயடியாக அனுப்பிவிடும். 'கஸ்டமைஸ்' எடுங்கள்.

3. நுழைவு முறையில் 'பாஸ்வேர்ட் ஹாஷ் சிங்க்ரனைசேஷன்'.

4. என்ட்ரா பக்கத்துக்கு ஹைப்ரிட் ஐடென்டிட்டி நிர்வாகிக் கணக்கு, உள் பக்கத்துக்கு என்டர்பிரைஸ் நிர்வாகிக் கணக்கு. இரண்டாவது அமைக்கும்போது மட்டும் தேவை. ஹாஷ்களை வாசிக்கும் உரிமையோடு தனிக் கணக்கு ஒன்றைக் கருவியே உருவாக்கிக்கொள்ளும்.

5. பின்னொட்டுப் பட்டியலில் நிலையம்.எல்கே-க்கு நேரே 'வெரிஃபைட்' என்று வர வேண்டும். வராவிட்டால் நிறுத்திவிட்டு முன்வேலைக்குத் திரும்புங்கள்.

6. எந்த ஓயூக்கள் (அக்டிவ் டிரெக்டரியில் ஆட்களைப் பிரித்து வைக்கும் பெட்டிகள்) என்று கேட்கும். சோதனைக்கென்று முன்பே ஓர் ஓயூ உருவாக்கி, அதில் பொறுமையான மூன்று நான்கு பேரை வைத்து, அதை மட்டும் தெரியுங்கள். பொறுமையான ஆட்கள் என்பது முக்கியம்.

7. மிச்சத்தை இருந்தபடியே விட்டு 'இன்ஸ்டோல்'.

சரிபார்த்தல்

ஒருவரின் பாஸ்வேர்டை உள்ளே மாற்றுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்ட் மாற்றங்கள் மேலே போகும். கொஞ்சம் பொறுத்து, பிரவுசரின் தனிப்பட்ட சாளரத்தில் புதிய பாஸ்வேர்டோடு மெயிலைத் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் சேர்வரின் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவுகளில் 656, 657 ஆகிய இலக்கங்களைத் தேடுங்கள். 656 மாற்றம் பிடிபட்டதையும் 657 அதன் முடிவையும் சொல்லும்.

பெயர், பதவி, கணக்கை முடக்குதல் போன்றவை 30 நிமிடத்துக்கு ஒருமுறைதான் போகும். அவசரமென்றால் பவர்ஷெல்லில் ஸ்டார்ட்-ஏடிசிங்க்சிங்க்சைக்கிள் கட்டளையை டெல்டா (மாறியவற்றை மட்டும் அனுப்பும்) வகையோடு கொடுங்கள் ('சிங்க்' இரண்டு தரம் வரும்).

சோதனை ஆட்கள் சில நாட்கள் முறைப்பாடில்லாமல் வேலை செய்தால் மற்ற ஓயூக்களையும் சேர்க்கலாம்.

போகாதவை, கடிக்கக்கூடியவை

'அடுத்த முறை நுழையும்போது மாற்ற வேண்டும்' என்று டிக் போட்டுக் கொடுக்கும் தற்காலிகப் பாஸ்வேர்ட், இயல்பான அமைப்பில் மேலே போகாது. புது ஊழியர் முதலில் அலுவலகக் கணினியில் இருந்து மாற்றட்டும், பிறகு மெயில் திறக்கட்டும்.

மெயில் பக்கத்தில் பாஸ்வேர்டை மாற்றி அது கீழே வந்து சேர, 'ரைட்பேக்' என்ற வசதியும் என்ட்ரா ஐடி பி1 உரிமமும் வேண்டும். அது இல்லையென்றால் பாஸ்வேர்ட் மாற்றுவது அலுவலக வலையமைப்புக்குள் மட்டும்தான். கிளைக்கு இதை எழுத்தில் அறிவித்துவிடுங்கள்.

கணக்கின் முடிவுத் திகதி ஒத்திசையாது. ஏ.எல். வகுப்புக்கு ஒப்பந்தத்தில் வந்த ஆசிரியருக்கு டிசம்பர் 31 என்று போட்டிருந்தால், அவர் கணினிக்குள் போக முடியாது. மெயிலுக்குள் தாராளமாகப் போவார். திகதியை நம்பாமல் கணக்கையே முடக்குங்கள். பிரச்சினைப்பட்டு விலகுபவர் என்றால் கட்டளை கொடுத்து உடனே ஒத்திசைத்து, என்ட்ராவில் அவரது திறந்திருக்கும் அமர்வுகளையும் ரத்துச் செய்யுங்கள்.

ஒத்திசைக்கும் ஓயூவிலிருந்து ஒருவரை வெளியே நகர்த்தினாலும் மேலே அவர் அழிக்கப்பட்டவர்தான். 30 நாட்களுக்குள் மீட்கலாம். தவறுதலாகக் கூட்டமாக அழிவதைத் தடுக்க ஒரு பாதுகாப்பு வேலி உண்டு, ஆனால் அது 500 கணக்குகளைத் தாண்டினால்தான் தடுக்கும். அறுபது பேர் உள்ள இடத்தில் எல்லாரும் அழிந்தாலும் வேலி அசையாது. எனேபிள்-ஏடிசிங்க்எக்ஸ்போர்ட்டிலீஷன்த்ரெஷோல்ட் கட்டளையால் அந்த எண்ணை 5 ஆக்கிவிடுங்கள். அதற்கு மேல் அழிக்கப் பார்த்தால் கருவி நின்று, தொழில்நுட்பத் தொடர்புக்குக் கொடுத்த முகவரிக்கு மெயில் அனுப்பும். அந்த முகவரியை யாராவது உண்மையில் பார்க்கிறார்களா என்பதையும் இன்றே பார்த்துவிடுங்கள்.