கால் ஆணி வலிக்கு வெந்நீர் வைத்தியம்: சரியாகச் செய்வது எப்படி?

எனக்குச் சுண்டு விரலின் வெளிப்பக்கத்தில் கால் ஆணி வந்து, ஷூ போட்டாலே உயிர் போகிற மாதிரி வலி. வீட்டிலேயே சரி செய்த முறையை எழுதுகிறேன். ஆனால் சர்க்கரை நோய், கால் மரத்துப் போவது, ரத்த ஓட்டக் குறைவு இதில் எது இருந்தாலும் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். தண்ணீரின் சூடு சரியாகத் தெரியாது, சின்னக் கீறல்கூட ஆறாத புண்ணாகிவிடும். டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம், அது ஆணிதானா என்று பாருங்கள். நேராக அழுத்தினால் வலித்தால் பெரும்பாலும் ஆணி. இரண்டு பக்கமும் பிடித்து நசுக்கும்போது அதிகம் வலித்து, உள்ளே கறுப்புப் புள்ளிகளும் தெரிந்தால் அது மருவாக இருக்கலாம். மரு வைரஸால் வருவது, தேய்த்தால் பரவும்.

சரி, அகலமான டப்பில் பாதம் மூழ்குகிற அளவு வெதுவெதுப்பான தண்ணீர். கல் உப்பு ஒரு கைப்பிடி போடலாம், போடாவிட்டாலும் நஷ்டமில்லை, தோலை மெதுவாக்குவது தண்ணீர்தான். இதற்காக எப்சம் உப்பைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. 10 முதல் 15 நிமிடம் போதும். அதற்கு மேல் ஊறினால் சுற்றியுள்ள நல்ல தோலும் ஊறிப்போய், தேய்க்கும்போது அதுவும் உரிந்து வரும்.

அடுத்து தேய்ப்பது. இங்கேதான் பொறுமை வேண்டும். ஆணியின் கூர்முனை உள்நோக்கி இருப்பதால், தோண்டி எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். தோண்டவே கூடாது. பியூமிஸ் கல்லையும் (குதிகால் தேய்க்கும் சொரசொரப்பான கல்) நனைத்துக்கொண்டு, மேலே வெளுத்து ஊறியிருக்கும் படலத்தை மட்டும் லேசாகத் தேய்த்து எடுங்கள். எரிந்தாலோ தோல் சிவந்தாலோ உடனே நிறுத்துங்கள், மிச்சத்தை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம், ஏனென்றால் இது ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும். பிளேடு, நகவெட்டி பக்கமே போகாதீர்கள். உலோகத்தில் வரும் சுரண்டிகளும் எனக்குப் பிடிக்காது, எவ்வளவு ஆழம் போகிறது என்றே தெரியாது.

நன்றாகத் துடைத்துவிட்டு யூரியா கலந்த க்ரீம் தடவி, பருத்தி சாக்ஸ் போட்டுப் படுங்கள். க்ரீம் இல்லையென்றால் வாஸ்லின்.

மெடிக்கலில் கிடைக்கும் கார்ன் கேப்பில் (ஆணி மேல் ஒட்டும் மருந்துப் பட்டை) தோலைக் கரைக்கும் சாலிசிலிக் அமிலம் இருக்கிறது. ஆணியைவிடப் பெரிதாக ஒட்டினால் நல்ல தோலையும் அரித்துவிடும். அதைவிட நடுவில் ஓட்டை உள்ள பஞ்சுப் பட்டை எவ்வளவோ மேல்: ஆணி ஓட்டைக்குள் இருக்க, அழுத்தம் சுற்றியுள்ள இடத்துக்குப் போய்விடும். எருக்கம் பால் வைக்கலாமா என்று பலர் கேட்டார்கள். வேண்டாம், தோல் வெந்துவிடும்.

இவ்வளவும் செய்துவிட்டு அதே இறுக்கமான செருப்பைப் போட்டால் ஆணி திரும்ப வரும். ஒரு தாளில் நின்றபடி பாதத்தைச் சுற்றி வரைந்து, அதன்மேல் உங்கள் ஷூவை வைத்துப் பாருங்கள். கோடு வெளியே தெரிந்தால் ஷூ குறுகல், மாற்றிவிடுங்கள். புதிதாக வாங்கப் போனால் சாயங்காலம் போங்கள், அப்போது கால் சற்று வீங்கியிருக்கும்.

பிற்சேர்க்கை: விரல் இடுக்கில் வெள்ளையாக, மெத்தென்று வரும் ஆணிக்கு ஊறவைப்பது சரிப்படாது. அங்கே ஏற்கெனவே ஈரம்தான் பிரச்சினை. இடுக்கைத் துடைத்து உலர வைத்து, விரல்கள் உரசாமல் நடுவே கொஞ்சம் பஞ்சு வையுங்கள். க்ரீம் வேண்டாம். சீழோ வீக்கமோ இருந்தால் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.