அமெரிக்கத் தீர்ப்புகளை மேற்கோள் காட்டும்போது எங்கே சறுக்குகிறோம்

பேச்சுரிமைக்கு எல்லை உண்டு என்று தமிழில் யார் கட்டுரை எழுதினாலும் ஒரு தியேட்டர் வந்துவிடுகிறது. நிறைந்த தியேட்டரில் ‘தீ, தீ’ என்று கத்த யாருக்கும் உரிமை இல்லை என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறதாம். அந்த வழக்கில் தியேட்டரும் இல்லை, தீயும் இல்லை.

நடந்தது வேறு. பிலடெல்பியாவில் சோஷலிஸ்ட் கட்சி நிர்வாகியாக இருந்த சார்லஸ் ஷெங்க், முதல் உலகப் போருக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு நடப்பதை எதிர்த்துச் சுமார் 15,000 துண்டுப் பிரசுரங்கள் அச்சிட ஏற்பாடு செய்தார். அடிமைமுறையை ஒழித்த, அமெரிக்க அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் வாசகம் அதில் இருந்தது. கட்டாயச் சேவையும் அடிமைத்தனமே என்பது வாதம். ஆயுதம் எடுக்கச் சொல்லவில்லை, சட்டத்தை நீக்கக் கோரி மனுப் போடுங்கள் என்றது. அதற்குத்தான் சிறைத் தண்டனை. 1919இல் உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாக உறுதிசெய்தது. தியேட்டர் என்பது தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹோம்ஸ் போகிற போக்கில் சொன்ன உவமை. மூலத்தில் ‘பொய்யாக’ என்ற சொல் இருக்கிறது, ‘நிறைந்த’ என்ற சொல் இல்லை. நாம் இருப்பதை விட்டுவிட்டு இல்லாததைச் சேர்த்துக்கொண்டோம்.

ஆக, இந்த உவமையை எடுத்தாள்பவர், துண்டுப் பிரசுரம் கொடுத்தவரை உள்ளே தள்ளிய தீர்ப்புக்குத் தெரியாமலேயே வக்காலத்து வாங்குகிறார். அந்தத் தீர்ப்பின் அளவுகோலும் இன்று நடைமுறையில் இல்லை. 1969இல் பிராண்டன்பர்க் வழக்கில், கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் தலைவர் ஒருவரின் தண்டனையை ரத்துசெய்தபோது நீதிமன்றம் புதுக் கோடு போட்டது: உடனடிச் சட்டமீறலைத் தூண்டும் நோக்கமும், அது நடந்துவிடும் வாய்ப்பும் சேர்ந்திருந்தால்தான் அத்தகைய பேச்சைத் தண்டிக்கலாம். இந்திய அரசியலமைப்பின் 19(2)இல் உள்ள ‘நியாயமான கட்டுப்பாடுகள்’ போன்ற வாசகம், பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தத்தில் கிடையாது. நம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தால் தடுமாறத்தான் செய்வோம்.

அடுத்தது சினிமா கற்றுக்கொடுத்த தவறு. விலங்கு மாட்டும்போதே, மௌனமாக இருக்கும் உரிமையைப் பற்றிப் போலீஸ் ஒப்பிக்காவிட்டால் வழக்கே நிற்காது என்று நினைக்கிறோம். நிற்கும். 1966இல் மிராண்டா வழக்கில் 5-4 என்ற கணக்கில் வந்த தீர்ப்பு, காவலில் வைத்து விசாரிப்பதைப் பற்றியது. இந்த உரிமையைப் பற்றிய எச்சரிக்கை சொல்லாமல் வாங்கிய வாக்குமூலத்தை, குற்றத்தை நிரூபிக்க அரசுத் தரப்பு பயன்படுத்த முடியாது. அதனாலேயே கைது செல்லாமல் போய்விடாது, மற்ற சாட்சியங்களும் அடிபட்டுப் போவதில்லை. எர்னஸ்டோ மிராண்டாவுக்கே அதுதான் நடந்தது. 1967இல் வாக்குமூலத்தை ஒதுக்கிவிட்டு மறுபடி விசாரித்தார்கள், மறுபடி தண்டனை கிடைத்தது.

இன்னொரு நுணுக்கம். மிச்சிகனில் ஒரு கொலை வழக்கில் தாம்ப்கின்ஸ் என்பவரிடம் எச்சரிக்கையை முறையாகச் சொன்னார்கள். ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் அவர் பெரும்பாலும் வாயே திறக்கவில்லை. பிறகு அதிகாரி பேச்சைக் கடவுள் பக்கம் திருப்பினார். அந்தப் பையனைச் சுட்டதற்கு மன்னிக்கும்படி வேண்டிக்கொண்டீர்களா என்று கேட்டார். ‘ஆம்’ என்றார் தாம்ப்கின்ஸ். அந்த ஒரு சொல் அவருக்கு எதிரான சான்றாயிற்று. மௌன உரிமையைப் பயன்படுத்துவதாக அவர் தெளிவாகச் சொல்லவில்லை, எனவே அந்தப் பதில் செல்லும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் 5-4 என முடிவுசெய்தது. மௌனமாக இருக்கப்போவதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்!

வக்கீல் விஷயத்திலும் இதே மிகைதான். சிறையிலிருந்து பென்சிலால் மனு எழுதிய கிடியன் வென்ற 1963ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் சொல்லி, அமெரிக்காவில் யாருக்கும் எந்த வழக்கிலும் அரசே வக்கீல் வைத்துத் தரும் என எழுதிவிடுகிறார்கள். அந்த உரிமை குற்றவியல் வழக்குக்கானது. நாடுகடத்தல் வழக்கு அங்கே சிவில் வகை. விசா சிக்கலில் குடியேற்ற நீதிமன்றத்தில் நிற்பவர் வக்கீல் வைத்துக்கொள்ளலாம்; செலவு அவருடையது.

அதற்காக, குடியுரிமை இல்லாதவருக்கு உரிமையே இல்லை என்று எதிர்த்திசையில் ஓடிவிடக் கூடாது. சான்பிரான்சிஸ்கோவில் மரக் கட்டடத்தில் சலவைக்கடை நடத்த நகர நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அதில் சீனர் என்ற சொல்லே இல்லை. விண்ணப்பித்த சீனர்கள் சுமார் 200 பேருக்கும் அனுமதி மறுக்கப்பட்டது. மற்றவர்கள் 80 பேரில் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கிடைத்தது. ஒரே கட்டடத்தில் 22 ஆண்டுகளாகத் துணி வெளுத்துவந்த யிக் வோ, 10 டாலர் அபராதம் கட்டாமல் சிறைக்குப் போய் வழக்காடினார். அவர் சீனக் குடிமகன். 14ஆவது திருத்தம் தரும் சமப் பாதுகாப்பு குடிமக்களோடு நின்றுவிடுவதில்லை, எந்த ‘நபரு’க்கும் உரியது என்று 1886இல் நீதிமன்றம் சொன்னது.

யூடியூப் ஒரு காணொளியை நீக்கினால் முதல் திருத்தம் மீறப்பட்டதாகக் கொதிப்பதும் வழக்கம். அந்தத் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசை. அரசுப் பல்கலைக்கழகம் மாணவரைப் பேச்சுக்காக நீக்கினால் அரசியலமைப்புக் கேள்வி எழும். தனியார் பல்கலைக்கழகம் செய்தால் பொதுவாக எழாது.

செய்தி மொழிபெயர்ப்பவர்களுக்கு இரண்டு குழிகள். நியூயார்க் மாநிலத்தில் ‘சுப்ரீம் கோர்ட்’ என்பது விசாரணை நீதிமன்றம். உச்சியில் இருப்பதன் பெயர் மேல்முறையீட்டு நீதிமன்றம். பெயரை மட்டும் நம்பி, ஒரு விசாரணை நீதிபதியின் உத்தரவை உச்ச நீதிமன்றத் தீர்ப்பாக்கி நானே தலைப்புக் கொடுத்திருக்கிறேன். இரண்டாவது: உச்ச நீதிமன்றம் ஒரு மனுவை ஏற்க மறுத்தால், கீழ்நீதிமன்றம் சொன்னதை ஆமோதித்தது என்று பொருளல்ல. அந்த வழக்கை எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்காமல் எழுதுவது கடைசித் தவறு. கருக்கலைப்பு உரிமை தந்த ரோ வழக்கை 2022இல் டாப்ஸ் தீர்ப்பு கவிழ்த்துவிட்டது. ஆனால் நாடு முழுவதும் தடை விதிக்கவில்லை, முடிவை மாநிலங்களிடம் விட்டது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை வெளியேற்றிய உத்தரவை ஏற்ற 1944ஆம் ஆண்டு கொரமட்சு தீர்ப்போ, பல பத்தாண்டுகள் வெட்கத்தோடு ஏட்டில் கிடந்தது. வழங்கிய நாளிலேயே அது பெருந்தவறு என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதியது 2018இல். அந்த வரி இடம்பெற்றது, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள நாடுகளை முக்கியமாகக் குறிவைத்த டிரம்பின் பயணத் தடையை 5-4 என உறுதிசெய்த தீர்ப்பில்.