பினாங்குத் தைப்பூசத்தில் வெள்ளி ரதத்தைப் படம் பிடிப்பது எப்படி?

தைப்பூசத்திற்கு முதல் நாள் விடியற்காலையில் பினாங்கு வீதியிலுள்ள கோவில் வீட்டிலிருந்து புறப்படும் நகரத்தாரின் வெள்ளி ரதம், தண்ணீர்மலையில் இருக்கும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோவிலைச் சென்றடைய இரவாகிவிடும். சில கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு நாள் முழுவதும் ஆவதற்குக் காரணம், அர்ச்சனைத் தட்டுகளுக்காகவும் சிதறு தேங்காய்களுக்காகவும் ரதம் வழிநெடுக நின்று நின்று போவதுதான். படம் எடுப்பவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இது. ரதத்தின் பின்னால் ஓடுகிறவருக்குப் பிறருடைய முதுகுகளே கிடைக்கும். தேங்காய் குவித்து வைத்திருக்கும் ஓர் இடத்தை முன்னதாகவே தேர்ந்து காத்திருப்பவரிடம் ரதம் தானாகவே வந்து நிற்கும்.

ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளுக்கு முன்னால் உள்ள அஞ்சடி எனப்படும் கூரையிட்ட நடைபாதை இதற்கு மிகவும் ஏற்றது. தூண் ஒன்றின் ஓரமாக நின்றால் கூட்டம் தள்ளாது, தேங்காய்ச் சில்லும் மேலே தெறிக்காது. அந்தப் பருவத்தில் பினாங்கில் பொழுது புலர ஏழரை மணி ஆகிவிடுவதால், ரதம் புறப்படும் நேரத்தில் விளக்கொளியை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும். சாய்வெயில் கிடைக்கும் எட்டு மணி முதல் பத்து மணி வரையிலான நேரத்தை வீணாக்காமல் இருப்பது நல்லது. உச்சி வெயிலில் எடுப்பதைவிட ஏதாவது ஒரு தண்ணீர் பந்தலில் மோர் குடித்து இளைப்பாறலாம் என்பது என் கட்சி.

தேங்காய் உடைப்பதைப் படம் எடுப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும். தமிழர்களோடு சீனர்களும் குவியல் குவியலாகத் தேங்காய்களை வாங்கி வைத்திருந்து, ரதம் நெருங்கும்போது மளமளவென்று உடைப்பார்கள். சிதறும் நீர்த்துளிகளை அந்தரத்தில் நிறுத்திக் காட்ட விரும்பினால் ஷட்டர் வேகம் 1/1000 வினாடியோ அதைவிட விரைவாகவோ இருக்க வேண்டும். வீச்சின் விசை தெரிய வேண்டுமானால் 1/60 போதும், கைகள் கலங்கலாக விழுந்து படத்திற்கு வேகம் கொடுக்கும். தேங்காய் விழும் இடத்தில் முன்கூட்டியே ஃபோக்கஸை நிலைநிறுத்திவிட்டு, உடைப்பவருக்குப் பக்கவாட்டில் நின்று தொடர்ச்சியாகப் பல படங்களை எடுங்கள். அவற்றுள் பெரும்பாலும் தேறுவது, தேங்காய் தரையில் மோதும் படமன்று. அது கையை விட்டுப் பிரிவதற்குச் சற்று முன், தலைக்கு மேல் தூக்கிய கையோடு பல்லைக் கடித்து நிற்கும் முகம்.

முதன்முறை போனபோது லென்ஸில் தெறித்த இளநீரை நான் வேட்டி நுனியால் துடைத்துவிட்டேன். துடைத்தது போகவில்லை, பரவியது. அன்று பிற்பகலில் எடுத்த படங்கள் எல்லாம் மூடுபனிக்குள் எடுத்தவை போல இருந்தன. தேங்காய்த் தண்ணீர் காய்ந்தால் பிசுபிசுக்கும் என்பதால், முதலில் ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, அதன் பிறகே லென்ஸ் துணியால் துடைக்க வேண்டும். லென்ஸுக்கு முன்னால் ஒரு கண்ணாடி ஃபில்டரும், காலுக்குத் தடித்த அடியுள்ள காலணியும் அவசியம்.

இரவில்தான் பலர் தவறு செய்கிறார்கள். இருண்ட தெருவின் நடுவே ரதம் மட்டும் ஜொலிக்கும்போது, கேமரா இருட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடுவதால், வெள்ளி வேலைப்பாடும் சுவாமியின் முகமும் வெளுத்துப் போகின்றன. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, ஒரு நிலை குறைத்து எடுத்தால் இரண்டும் மீளும். கைப்பேசியில் திரையிலுள்ள ரதத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும். மின்விளக்குகள் படத்தில் கோடுகோடாக விழுந்தால் ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50க்கு மாற்றுங்கள். மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த வேகங்களில் கோடுகள் பெரும்பாலும் மறைந்துவிடும். முருகனின் வேலாயுதத்தைத் தாங்கி 2017 முதல் பவனி வரும் தங்க ரதத்திற்கு, நிறங்களைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் பகலொளிக்கு மாற்றி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் பொன்னிறம் சோகை பிடித்தது போலாகிவிடும்.

பூச நாளன்று காவடிகளைப் படம் எடுப்பவர்கள் ஃபிளாஷை அணைத்துவிட வேண்டும். அலகு குத்தும் இடத்தில் முண்டியடித்து நெருங்குவது முறையன்று, உடன் வந்திருக்கும் உறவினரிடம், "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் தலையசைப்பார்கள், மறுத்தால் கேமராவை இறக்கிவிடுங்கள். மலைக்கோவிலின் 513 படிகளில் ஏறுகிறவர்களை மேலே நின்று கீழ்நோக்கி எடுத்தால் முகங்கள் தெரியும், ஆனால் யாருடைய வழியையும் மறிக்காதபடி ஓரமாக நிற்க வேண்டும்.

பூசத்திற்கு மறுநாள் மாலை வெள்ளி ரதம் கோவில் வீட்டிற்குத் திரும்புவதை வெளியூர்ப் படக்காரர்களில் பலர் பார்ப்பதே இல்லை. நெரிசல் குறைவாக இருக்கும். 35 மி.மீ. லென்ஸும், ஒளி உணர்திறனுக்கு 3200 ஐஎஸ்ஓவும் இருந்தால், வாசலில் நாற்காலி போட்டு, மடியில் அர்ச்சனைத் தட்டை வைத்துக்கொண்டு, ரதம் வரும் திசையையே பார்த்திருக்கும் பாட்டியை அவருடைய வீட்டு வாசல் விளக்கின் ஒளியிலேயே எடுத்துவிடலாம்.