மிட்டாதார் வீட்டுப் பிள்ளை சேலத்தில் நிருபராக இருப்பது எப்படி

ஜமீன் குடும்பத்தில் பிறந்து சேலத்தில் செய்தி சேகரிக்க வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்தவன்.

முதலில் உங்கள் குடும்பத்தின் கதையைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். 1792இல் திப்புவிடமிருந்து இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபின், கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடு ரயத்துகளோடு, அதாவது உழவர்களோடு, நேரடியாக நிலவரி பேசினார். அதன்பிறகு வரித்தொகையை நிலையாக நிர்ணயித்த நிரந்தரத் தீர்வையில் கிராமங்கள் மிட்டாக்கள் என்ற சிறு ஜமீன்களாகப் பிரித்து ஏலத்தில் விடப்பட, ஏலம் எடுத்தவர்கள் மிட்டாதார்கள் ஆனார்கள். ஏலம் எடுத்தவரின் கொள்ளுப்பேரன் தன்னை இளவரசர் என்று சொல்லிக்கொண்டால், விவரம் தெரிந்தவர்கள் வாய்க்குள் சிரிப்பார்கள். மன்னர் மானியம் நின்றதால் நொடித்த குடும்பம் என்று எவரேனும் உங்களைப் பற்றி எழுதினால் அடித்துத் திருத்துங்கள்: 1971இல் நின்றது சமஸ்தான மன்னர்களின் மானியம், ஜமீன்களை முடித்தது 1948ஆம் ஆண்டுச் சட்டம்.

வேலையில் சேர்ந்த வாரமே, குடும்பத்துக்கு நிலம் உள்ள ஊர்கள், நடக்கும் வழக்குகள், கட்சியில் இருக்கும் உறவினர்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். நிலம், ஏரி தொடர்பான செய்தி என்றால், ஊருக்குப் போகும் முன்பே அந்தக் கிராமத்தின் அ-பதிவேட்டையும் (ஊர் நிலங்களின் விவரம் அடங்கிய வருவாய்த்துறைப் பதிவேடு) அந்த நிலத்தின் வில்லங்கச் சான்றையும் பார்த்து, உங்கள் வீட்டார் பெயர் எங்கேனும் இருக்கிறதா என்று தேடுங்கள். தருமபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும் பிரிந்தவை என்பதால், பழைய பத்திரங்களில் அந்த ஊர்களும் சேலம் ஜில்லா என்றே இருக்கும்.

இந்தத் தேடலை நான் ஒருமுறை செய்யாமல் போனேன். ஓமலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், ஏரி மதகு அடைபட்டதைப் பற்றிக் கேட்கப் போனபோது, திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சின்ன எசமானுக்கு எதுக்கு இந்த வெயில்ல அலைச்சல்?" என்றார். கேட்ட எல்லாக் கேள்விக்கும் "நீங்க பாத்து எழுதுங்க" என்பதே பதில். மறுவாரம் சக நிருபர் போனார். அவரிடம் அதே பெரியவர் ஒரு மணி நேரம் பேசினார். மதகை அடைத்தவர் என் பெரியப்பாவின் குத்தகைக்காரர். செய்தி சக நிருபரின் பெயரில் வெளிவந்தது. இப்படிப்பட்ட இடங்களில் குறிப்புகளை அப்படியே ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்வதே முறை. பெரியப்பா இரண்டு பொங்கலுக்கு என்னோடு பேசவில்லை; அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் தொல்லை வேறு மாதிரி. எஸ்டேட் பங்களாக்களில் நம்மைத் தெரியும் என்பதால் வண்டி அனுப்புவார்கள், மிளகும் காபித்தூளும் கட்டிக் கொடுப்பார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்திலேயே ஏறுங்கள்; காபி விளைச்சலைப் பற்றி எழுதுவதானால், பழம் பறிக்கும் பெண்களிடமும் இந்த மலையில் வாழும் மலையாளி எனப்படும் பழங்குடியினரின் ஊர்களிலும் கேட்டபிறகு பங்களாவுக்குப் போங்கள்.

வீட்டு விசேஷங்களைச் செய்தியாக்கவே வேண்டாம். விளம்பரப் பிரிவில் பணம் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். என் பாட்டியின் கருமாதி அறிவிப்புக்கு நான் கட்டிய ரசீது இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது.