சாம்பிளை வெட்டி பீட் போடும்போது தாளம் எங்கே நழுவுகிறது?

வேறொரு பதிவிலிருந்து எடுத்த ஒலியை (அதுதான் சாம்பிள்) துண்டு துண்டாக வெட்டி, புதிதாக பீட் போட ஆரம்பித்தவர்களின் டிராக்குகளைக் கேட்கும்போதெல்லாம், தொடக்கத்தில் நான் செய்த அதே பிழைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. மெட்ரோனோம் இல்லாமல் பதிவது, டெம்போவைப் பார்க்காமலே லூப்பை இழுத்துப் போடுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை காதில் உடனே உறுத்தும், தானாகத் திருந்தும். திரையில் எல்லாம் கச்சிதமாகத் தெரியும், ஆனால் தாளம் நொண்டும். அந்த வகைப் பிழைகள்தான் ஆளைச் சுற்றவிடும்.

துண்டின் தலையில் ஒட்டியிருக்கும் வெற்றிடம்

இன்றுவரை எனக்கு எரிச்சல் தருவது இதுதான். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மற்ற எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே போகவைக்கும் பிழை இது.

குவான்டைஸ் என்பது நோட்டுகளைத் தாளக் கட்டத்துக்கு (கிரிட்) தானாக இழுத்து வைக்கும் வசதி. அது நகர்த்துவது நோட்டை மட்டும். நோட் என்பது ‘இந்த இடத்தில் இந்தத் துண்டை ஆரம்பி’ என்கிற கட்டளை, அவ்வளவுதான். துண்டுக்குள் ஒலி எங்கே தொடங்குகிறது என்பது அதற்குத் தெரியாது. ஸ்னேர் அடிக்கு முன்னால் 25 மில்லிசெகண்ட் வெற்றிடத்தைச் சேர்த்து வெட்டியிருந்தால், நோட் கிரிட்டில் அச்சாக உட்கார்ந்திருந்தாலும் அடி 25 மில்லிசெகண்ட் கழித்துத்தான் விழும். எல்லாத் துண்டிலும் அதே 25 இருந்தால்கூடச் சமாளிக்கலாம், மொத்த டிராக்கையும் அந்த அளவு முன்னே தள்ளினால் போதும். ஆனால் அப்படி அமையாது. ஒன்றில் 8 இருக்கும், இன்னொன்றில் 30 இருக்கும், மூன்றாவதில் அடியின் தலையே வெட்டுப்பட்டுப் போயிருக்கும். 90 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 90 அடி) ஒரு பதினாறாம் நோட்டின், அதாவது கால் அடியின் நீளம் சுமார் 167 மில்லிசெகண்ட். அதில் 30 என்பது ஆறில் ஒரு பங்குக்கும் மேல். காது அதை விடவே விடாது.

தெரிந்த தம்பி ஒருவன் அவனுடைய பீட்டை எடுத்துக்கொண்டு வந்தான். “அண்ணா, டிரம்ஸ்தான் செட் ஆகல” என்றான். கிக்கை (பேஸ் டிரம்மை) மாற்றியிருந்தான், ஸ்விங்கை (ஒன்றுவிட்டு ஒரு நோட்டைப் பின்னுக்குத் தள்ளும் அளவை) ஏற்றி இறக்கிப் பார்த்திருந்தான், ஹை-ஹாட்டைக் கையால் பின்னுக்கு இழுத்திருந்தான், கடைசியில் சாம்பிளையே ஸ்ட்ரெச் (சுருதி மாறாமல் நீளத்தை மட்டும் மாற்றுவது) செய்திருந்தான். ஒவ்வொரு திருத்தமும் அதுவரை சரியாக இருந்த ஒன்றைக் கெடுத்திருந்தது. டிரம்ஸை மியூட் செய்துவிட்டு, வெறும் துண்டுகளை மெட்ரோனோமோடு ஓட்டச் சொன்னேன். டிரம்ஸே இல்லாமலும் நொண்டியது. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் ஒவ்வொரு அளவில் இடைவெளி. அவற்றை இழுத்துச் சரிசெய்ததும், அவன் முதலில் போட்டிருந்த கிக்கே அழகாகப் பொருந்தியது. அத்தனை இரவு வேலையும் தேவையே இல்லாதது. எனக்கு ஆறாத விஷயம் அதுதான்.

பிட்சை (சுருதியை) இறக்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். வேகத்தையும் சேர்த்துக் குறைக்கும் பழைய முறை சாம்பிளர் என்றால் வெற்றிடமும் கூடவே நீளும். 5 செமிடோன் (அரைச்சுரம்) இறக்கினால் 25 மில்லிசெகண்ட் 33 ஆகும், ஒரு ஆக்டேவ் இறக்கினால் 50 ஆகும். பிட்ச் மாற்றுவதற்கு முன்பு சரியாகக் கேட்ட துண்டு பிறகு தள்ளாடுவது இதனால்தான்.

தானாக வெட்டித்தரும் வசதியை நம்பி அப்படியே விடாதீர்கள். அது திடீரென எழும் அடியைப் பிடிக்கும். மெதுவாக எழும் பேஸ், ஆர்கன், வயலின் போன்றவற்றைத் தவறவிடும், அல்லது ஒலி தொடங்கிக் கொஞ்சம் கழித்துக் குறி வைக்கும். முதல் வரைவாக மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு துண்டையும் பெரிதாக்கி, அலை எழத் தொடங்கும் இடத்துக்குத் தொடக்கத்தை நகர்த்துங்கள். ஒன்றிரண்டு மில்லிசெகண்ட் ஃபேட்-இன் வைத்தால் ‘டிக்’ சத்தம் வராது. அப்புறம் அந்தத் துண்டை ஒரு கூர்மையான ரிம்ஷாட்டோடு (டிரம்மின் விளிம்போடு சேர்த்து அடிக்கும் அடி) சேர்த்து ஒலிக்கவிடுங்கள். ‘டடக்’ என்று இரண்டாகக் கேட்டால் இன்னும் விலகியிருக்கிறது. ஒரே அடியாகக் கேட்டால் சரி.

குரலுக்கு மட்டும் கணக்கு வேறு. ‘ஸா’ என்று பாடினால் ‘ஸ்’ முதலில் வந்துவிடும், ஆனால் காது தாளத்தை எடுத்துக்கொள்வது ‘ஆ’ திறக்கும் இடத்தில். துண்டின் தொடக்கத்தை அடியில் வைத்தால் பாடியவர் தாமதமாக வந்ததுபோல இருக்கும். அதற்காக ‘ஸ்’ஸை வெட்டினால் சொல்லே போய்விடும். எனவே துண்டை முழுதாக விட்டுவிட்டு, நோட்டைக் கிரிட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வையுங்கள். மேலிருந்து கீழாக மீட்டிய கிடார் கார்டுக்கும் இதே வழிதான். இங்கே திரையைப் பார்த்து முடிவெடுக்க முடியாது.

மென்பொருள் சொன்ன பிபிஎம்மை அப்படியே எடுத்துக்கொள்வது

70ஐ 140 என்று அது சொன்னால் உடனே தெரிந்துவிடும். 92.6ஐ 92 என்று சொல்லும்போதுதான் ஆபத்து. ஒரு அடிக்கு 4 மில்லிசெகண்ட் வித்தியாசம் யார் காதிலும் விழாது. ஆனால் நாலு பார், அதாவது பதினாறு அடி ஓடி முடிக்கும்போது அது 67 மில்லிசெகண்ட்டைத் தாண்டிவிடும்.

மெட்ரோனோம் இல்லாமல் ஆட்கள் வாசித்த பழைய பதிவுகளில் டெம்போ பாடல் முழுக்க ஒன்றாக இருக்காது. பல்லவியில் ஒரு வேகம், உச்சத்தில் சற்றுக் கூடுதல் என்று போகும். முழுப் பாடலின் சராசரி உங்கள் நாலு பாருக்கு உதவாது. ஒரு பாரின் முதல் கிக்கிலிருந்து நாலு பார் தள்ளி வரும் முதல் கிக் வரை எத்தனை விநாடி என்று அளந்துபாருங்கள். பதினாறை அறுபதால் பெருக்கி அந்த விநாடியால் வகுங்கள். 10.37 விநாடி என்றால் 92.6 பிபிஎம்.

இரண்டிரண்டு அடியாக வெட்டினால் இந்தச் சிக்கல் பெருமளவு குறையும். ஒவ்வொரு துண்டும் கிரிட்டில் புதிதாகத் தொடங்குவதால் பிழை சேர்ந்துகொண்டே போகாது.

முழு சாம்பிளையும் கிரிட்டில் ஆணி அடிப்பது

ஒவ்வொரு அடிக்கும் குறி வைத்து நேராக்கினால் தாளம் நிற்கும், ஆனால் வாசித்தவரின் உயிர் போய்விடும். ஸ்னேர் மழுங்கும், சிம்பல் நீரில் முங்கியதுபோலக் கேட்கும். 5 சதவீதத்துக்குள் ஸ்ட்ரெச் செய்தால் பெரும்பாலும் என் காது பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் என்றால் பிட்சோடு சேர்த்து வேகத்தை மாற்றிவிடுவேன். ஒரு செமிடோன் இறக்கினால் 92.6 என்பது 87.4 ஆகிறது. மாறிய சுரத்துக்கு மற்ற வாத்தியங்களைப் பொருத்திக்கொள்வது, மழுங்கிய ஸ்னேரை மீட்பதைவிட எளிது.

ஸ்விங் மேல் ஸ்விங்

சாம்பிளுக்குள் ஏற்கெனவே ஒரு ஸ்விங் இருக்கிறது. ரோஜர் லின் தன் டிரம் மெஷின்களில் வைத்த கணக்கில் 50 என்றால் நேர், 66 என்றால் கிட்டத்தட்ட டிரிப்லெட் (சம மூன்றாகப் பிரியும் தாளம்). 90 பிபிஎம்மில் 50க்கும் 58க்கும் நடுவே இரண்டாவது பதினாறாம் நோட் சுமார் 27 மில்லிசெகண்ட் நகர்கிறது. சாம்பிளின் ஹை-ஹாட் 58இல் ஓட, உங்கள் ஹை-ஹாட் 50இல் ஓடினால் இரண்டும் உரசும். முதலில் சாம்பிளின் ஸ்விங்கைக் காதால் பிடியுங்கள், டிரம்ஸை அதற்கு ஏற்ப அமையுங்கள்.

‘ஹிப்-ஹாப் தயாரிப்பாளர் ஜே டில்லா குவான்டைஸே போடவில்லையே’ என்று சிலர் கேட்பார்கள். அது முழு உண்மை இல்லை. அவருடைய லூப்பில் விலகிய ஸ்னேர் அடுத்தடுத்த சுற்றிலும் அதே இடத்தில் அதே அளவு விலகும். அதனால்தான் உடம்பு அதற்கு ஆடுகிறது. வெட்டுப் பிழையால் வரும் விலகலுக்கு அந்த ஒழுங்கு கிடையாது.

ஒன்றின் வால், இன்னொன்றின் தலை

எல்லாத் துண்டுகளையும் ஒரே மியூட் குரூப்பில் போடுங்கள். அடுத்த துண்டு தொடங்கியதும் முந்தையதன் வால் நின்றுவிடும்.

சாம்பிளின் கிக் மேல் உங்கள் கிக்

இரண்டு கிக் வேண்டாம். சாம்பிளின் தாழ்ந்த (பேஸ்) ஒலிகளை ஃபில்டரால் வெட்டுங்கள்.

பஃபர்

கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு இது. பேடில் வாசித்துப் பதியும்போது குறைத்து வையுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் 1024 என்றால் சுமார் 23 மில்லிசெகண்ட் தாமதம், 128 என்றால் 3. மிக்ஸிங்குக்குப் போகும்போது திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.