தண்ணீர்தானே என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

'உடம்பில் சோடியம் குறைந்துவிட்டது' என்று மருத்துவமனையில் சொன்னால், உப்புக் குறைவாகச் சாப்பிட்டதுதான் காரணம் என்று நினைக்கிறோம். அளவுமீறிக் குடித்த தண்ணீரும் காரணமாக இருக்கலாம் என்று பெரும்பாலோருக்குத் தோன்றுவதே இல்லை.

இதில் பெரிய தவறு, குறுகிய நேரத்தில் லிட்டர் கணக்கில் குடிப்பது. நல்ல நிலையிலுள்ள சிறுநீரகங்கள்கூட மணிக்குச் சுமார் 800 மில்லி முதல் 1 லிட்டர் வரைதான் வெளியேற்றும். மிஞ்சும் நீர் ரத்தத்தில் கலந்து, லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் இருக்க வேண்டிய சோடியத்தை நீர்க்கச் செய்கிறது. அப்போது நீர் உயிரணுக்களுக்குள் புகுந்து அவை வீங்குகின்றன. கால் வீங்கினால் தோல் இடம் கொடுக்கும்; மண்டையோட்டுக்குள் இருக்கும் மூளைக்கு விரிய இடமில்லை. தலைவலி, வாந்தி, குழப்பம் என்று தொடங்கி வலிப்பு, மரணம் வரை போகலாம்.

2007 ஜனவரியில் அமெரிக்காவின் சாக்ரமென்டோ நகரில், சிறுநீர் கழிக்காமல் அதிகத் தண்ணீர் குடிப்பவருக்கு வீடியோ கேம் கருவி பரிசு என்று ஒரு வானொலி நிலையம் போட்டி நடத்தியது. இது உயிருக்கு ஆபத்து என்று நேரலையிலேயே ஒரு செவிலியர் தொலைபேசியில் எச்சரித்தார். போட்டி நிற்கவில்லை. கலந்துகொண்ட 28 வயதுப் பெண், மூன்று குழந்தைகளின் தாய், தலை வலிக்கிறது என்று வீடு திரும்பி அன்றே இறந்துபோனார். கேட்டிருந்தால் தடுத்திருக்கக்கூடிய சாவு அது.

நம் ஊர் ஸ்கேன் மையங்களில் 'யூரின் ஃபுல் ஆக வேண்டும்' என்றதும் சிலர் பாட்டில் பாட்டிலாகக் காலி செய்கிறார்கள். சொன்ன அளவு குடித்துவிட்டுக் காத்திருங்கள். சிறுநீர்ப்பை நிறைய நேரம் பிடிக்கும், அவசரப்படுத்திப் பயனில்லை.

ஓடுபவர்கள் செய்யும் தவறு வேறு: தாகம் வருமுன்பே, ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் நின்று குடிப்பது. 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓட்டம் முடிந்தபோது உடல் எடை கூடியிருந்தவர்களுக்கே அந்த ஆபத்து அதிகம். உப்புக் கலந்த விளையாட்டு பானம் குடித்தவர்களும் தப்பவில்லை. அதிலுள்ள சோடியம் ரத்தத்தில் இருப்பதைவிட மிகக் குறைவு. நெடுநேரம் ஓடும்போது சிறுநீரைத் தடுக்கும் ஹார்மோனும் சுரப்பதால், மற்ற நேரத்தில் வெளியேறிவிடும் நீர்கூட உள்ளே தங்கிவிடுகிறது. தாகத்துக்குக் குடித்தால் போதும்.

'தினமும் 8 டம்ளர்' என்ற கணக்கை எல்லோர் மீதும் சுமத்துவதும் தவறு. சோற்றிலும் குழம்பிலும் மோரிலும் பழத்திலும் போகும் நீரை அது கணக்கில் எடுப்பதில்லை. இதயம் பலவீனமானவர்கள், சிறுநீரக நோயாளிகள், ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் முதியவர்கள் ஆகியோருக்கு அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பச்சிளம் குழந்தை விஷயத்தில் நான் சமரசமே செய்யமாட்டேன். வெயில் காலத்தில் தொண்டை வறளும் என்று பாலாடையில் தண்ணீர் புகட்டும் பாட்டிமார்களின் அன்பு புரிகிறது. ஆனால் தாய்ப்பாலில் 80 சதவீதத்துக்கு மேல் நீர்தான். ஆறு மாதம் வரை வேறு தண்ணீர் வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தப் பிஞ்சுச் சிறுநீரகங்களால் உபரி நீரைச் சமாளிக்க முடியாது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, அளவுமீறிக் குடித்துக் குழம்பி நிற்பவரை நீர்ச்சத்து குறைந்தவர் என்று எண்ணி மேலும் தண்ணீர் கொடுப்பது. தலைசுற்றலும் சோர்வும் இரண்டிலும் உண்டு. மோதிரம் இறுகும் அளவுக்கு விரல் வீங்கியிருந்தால், சிறுநீர் நிறமின்றிப் போயிருந்தால், அல்லது நிறையக் குடித்தது தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எவ்வளவு நேரத்தில் எவ்வளவு குடித்தார் என்று அங்கே முதலிலேயே சொல்லுங்கள். 'ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுங்கள்' என்று வற்புறுத்தாதீர்கள். அதிலுள்ள சர்க்கரையை உடல் பயன்படுத்தியதும் மிஞ்சுவது தண்ணீர்தான். மூளை வீங்கும் நிலையில் மருத்துவர்கள் ஏற்றுவது 3 சதவீத உப்புக் கரைசல். அதையும் சோடியம் கிடுகிடுவென ஏறிவிடாதபடி ரத்தத்தை அடிக்கடி பரிசோதித்துத்தான் ஏற்றுவார்கள்.